மங்கம்மாளின் பின்பாட்டு

மங்கம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் பாதிப் பாட்டுதான். ஜவ்வாது மலையில் சாமைக் காட்டில் களை எடுக்கும்போது ஒருத்தி முன்பாட்டில் கேள்வி கேட்பாள், இன்னொருத்தி பின்பாட்டில் பதில் சொல்வாள். மங்கம்மாள் பதில் சொல்கிறவள். முன்பெல்லாம் கேள்வி பாடியவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி ஈஸ்வரி. இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அது தெரியாமல் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

நான் சின்னப்பராஜ், கண்ணமங்கலத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிட்டார் வாசிப்பேன், மற்ற நாளில் செல்போன் ரிப்பேர். சென்னையிலிருந்து பார்த்திபன் என்று ஒருவர் வந்தார். அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு, ஃபோக் ராக் என்று பழைய ஆல்பங்களைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். அந்த மாதிரி ஒன்றை மலைப் பாட்டுகளை வைத்துச் செய்யவேண்டும் என்று பிடிவாதம். "இருபது வருஷம் கழிச்சும் கிளாசிக்னு பேசணும் சார்" என்பதை டீக்கு ஒரு தரம் சொல்வார். பத்துப் பாட்டு முடிந்திருந்தது. கடைசிப் பாட்டுக்காகத்தான் மங்கம்மாளிடம் போனோம்.

ஐம்பது தாண்டியவள். அம்மா செத்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பி காசியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே கட்டாமல் இருந்துவிட்டாள். பேச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். என் கிட்டாரைப் பார்த்ததும், "இன்னா தம்பி, பொணப் பொட்டி மாதிரி தூக்கினு வர்ற?" என்றாள். முன்பாட்டு பாட ஈஸ்வரியைக் கூப்பிடலாமா என்று கேட்டதும்தான் முகம் செத்துப்போயிற்று.

காசி புளிய மரத்திலிருந்து விழுந்து செத்தவன். மாசியில் காலந்தப்பி மழை பெய்து ஓய்ந்த காலை அது. ஈஸ்வரி செங்கம் சந்தைக்குப் போயிருந்தாள். "நான் வேணான்னேன், அவனாத்தான் ஏறினான்" என்று மங்கம்மாள் ஊர் முழுக்கச் சொன்னாள். ஈஸ்வரி மட்டும் அதை நம்பவில்லை.

நான்தான் ஈஸ்வரி வீட்டுக்கு நடையாய் நடந்தேன். கடைசியில், "அவ அங்க இருக்கக்கூடாது, அப்போ பாடறேன்" என்றாள். ஜமுனாமரத்தூரில் காலியாகக் கிடந்த புளிக் குடோனில், சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வைத்துப் பதிவு செய்தோம். காலையில் ஈஸ்வரி வந்தாள். வழக்கமான நான்கு கேள்விகளைப் பாடினாள். நிறுத்துவாள் என்று பார்த்தால், ஐந்தாவதாக ஒன்றைச் சொந்தமாகக் கட்டிப் பாடினாள்.

"ஈர மரத்துல ஏறச் சொன்னது யாரு, நாத்தி,
எம்மஞ்சக் கயித்த அறுக்கச் சொன்னது யாரு?"

அந்த மலையில் ஒரு வழக்கம். பாட்டில் கேட்டதற்குப் பாட்டிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், காட்டை விட்டு வெளியே வந்த பிறகு அதை வைத்து யாரும் சண்டை பிடிக்கக் கூடாது. ஈஸ்வரி அந்த வழியைத்தான் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மங்கம்மாள் காதில் ஹெட்ஃபோனை மாட்டினோம். ஆறு வருஷம் கழித்து அந்தக் குரல். "கழுத, இன்னும் அப்படியேதான் பாடுது" என்று சிரித்தாள். நான்கு கேள்விக்கும் சட்டென்று பதில் வந்தது. ஐந்தாவது வந்ததும் சிரிப்பு நின்றது. ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தரம் போடு" என்றாள். போட்டோம்.

"ஈர மரத்துல ஏறச் சொன்னது நாந்தான், ஈஸ்வரி,
எந்தம்பி உசுர எமனுக்குத் தந்தது நாந்தான்."

குரல் உடைந்து, தாளம் தப்பி, எப்படியோ பாடி முடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது அவளுக்குக் கேக்குமில்ல?" என்றாள்.

"ஃபோன்லயே கேக்கும்க்கா."

"அது போதும்."

அவள் போன பிறகு பார்த்திபன், "கடைசி பதில்ல சுருதியே இல்ல சார். அத எடுத்துடலாம். கேள்வி அப்படியே நிக்கட்டும், அங்க உங்க கிட்டார் மட்டும் வரட்டும்" என்றார். அந்தப் பதிலின் அர்த்தம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினாறு வருஷமாகக் கோயிலில் வாசிக்கிறேன், தனியாக வாசி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு வாசித்தேன். ஒரே டேக்கில் ஓகே.

ஆல்பம் வெளிவந்தது. பதில் வர வேண்டிய இடத்தில் கிட்டார் அழுகிறது என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். ஒன்று விடாமல் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மங்கம்மாளிடம் ஃபோன் கிடையாது. பாட்டு வெளிவந்ததைக் கேள்விப்பட்டு என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். போனபோது தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். "இந்நேரம் அவ கேட்டிருப்பா. வா, வூட்டுக்குப் போய்ட்டு வரலாம்."

"அக்கா, அந்தப் பாட்டுல..." என்று இழுத்தேன். அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

ஈஸ்வரி வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. "நாலு தரம் போட்டுக் கேட்டேன். எல்லாத்துக்கும் பதில் சொன்ன. அதுக்கு மட்டும் வாயத் தொறக்கல."

மங்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"அக்கா பாடினாங்க. நாங்கதான் எடுத்துட்டோம்" என்றேன்.

"அப்போ அதப் போட்டுக் காட்டுங்க" என்றாள் ஈஸ்வரி.

ஏற்கெனவே பார்த்திபனிடம் கேட்டுப் பார்த்திருந்தேன். வேண்டாததையெல்லாம் அழித்தாயிற்று என்றிருந்தார். "இல்லீங்க. அழிச்சிட்டாங்க."

ஈஸ்வரி சிரித்தாள். "நல்லா ஜோடி போட்டுனு வந்திருக்கீங்க."

கதவு சாத்தப்பட்டது. மங்கம்மாள் நகரவில்லை. சாத்திய கதவைப் பார்த்து அந்த இரண்டு அடிகளையும் பாடினாள். இந்த முறை குரல் உடையவில்லை, தாளமும் தப்பவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். ஆறு வருஷமாக அவள் சொன்னது பொய் என்று ஊருக்கே தெரிந்தது. கதவு திறக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பாடினாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.