சிவப்புப் புள்ளி வைத்த கேபிள்

எங்கள் ஸ்டூடியோவில் அவருக்கு ஆமை என்று பெயர். முகத்துக்கு நேரே ஆமையக்கா என்போம். முதலாளி மட்டும் அந்த அக்காவையும் சேர்க்கமாட்டார். நான் அங்கே முன்பக்க மேசையில் பில் போடுகிறவள். அந்தப் பெயர் வந்ததையும் பார்த்தேன், அது அவரை என்ன பாடு படுத்தியது என்பதையும் பார்த்தேன். அதனால் இதை நான் சொல்வதுதான் சரி.

அக்கா கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவர். மணிக்கணக்கில் எடுத்து வந்து கொட்டுகிற படத்தில், எந்த இடத்தில் மணப்பெண்ணின் அப்பா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று தேடி எடுத்து வைப்பார். அந்த ஒரு காட்சிக்காகவே தேடி வருகிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஆள் கொஞ்சம் கறார். தன் பொருள் தன்னிடம் இருக்கவேண்டும். மவுஸ், தண்ணீர் பாட்டில், கத்தரிக்கோல் எல்லாவற்றிலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்.

முதலாளி இரண்டாவது கடை திறக்கப்போவதாகச் சொன்னபோது, அங்கே எடிட்டிங் பொறுப்பு அக்காவுக்குத்தான் என்று வாய்விட்டே சொன்னார். அக்கா அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான். கதவு சாத்தினால் சத்தம் கேட்காத ஒரு அறை, கதவில் தன் பெயர். பெரிய ஆசையா அது?

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மச்சான் வேலைக்கு வந்து சேர்ந்தான். முதலாளிக்குத்தான் அவன் மச்சான், ஆனால் கடை முழுக்க அவன் பெயரே அதுவாகிவிட்டது. ஏசி போட்ட உள் அறை அவனுக்கு. புது கேமராவும் அப்போதுதான் வந்தது. அதன் படங்கள் பெரிய பெரிய கோப்புகள் என்பதால், லேப்டாப்பில் இடம் போதாமல் அக்காவுக்கும் மச்சானுக்கும் ஆளுக்கொரு வெளி டிரைவ் வாங்கிக் கொடுத்தார் முதலாளி. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி, கூடவே குட்டையாகத் தடிமனாக ஒரு கேபிள். அக்கா தன் பெட்டியிலும் கேபிளிலும் புள்ளி வைத்தார்.

இங்கே எங்கள் கடையின் கூடையைப் பற்றிச் சொல்லவேண்டும். கம்பிகள் கிடந்தால் தீப்பிடிக்கும் என்று முதலாளிக்கு ஒரு பயம். சாயங்காலம் கிளம்புமுன் எல்லா கேபிளையும் உருவி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். காலையில் வந்து எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் காலை அக்காவின் கேபிள் கூடையில் இல்லை.

"சார், என் வயர காணோம்."

"வயர்ல என்னம்மா உன் வயரு, என் வயரு? வேற ஒண்ணு எடுத்துச் சொருகு. பொருந்துதா இல்லையா?"

பொருந்தியது. கூடையில் பொருந்தியதும் அது ஒன்றுதான், யாரோ போனுக்கு சார்ஜ் போட வைத்திருந்த நீளமான வெள்ளை கேபிள். செருகியதும் டிரைவில் விளக்கு எரிந்தது. அக்காவும் அதோடு விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். ஒரு கல்யாணத்தை டிரைவில் ஏற்றப் போட்டால், எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டுகிற பச்சைக் கோடு நகர்ந்தால்தானே! வெட்டிப் பார்க்கலாம் என்றால் படம் இரண்டடி வைத்து நிற்கும், அப்புறம் ஒரு அடி. புது கேமரா, பெரிய கோப்பு, அதனால்தான் என்று முதலில் நாங்களும் நினைத்தோம். ஆனால் அதே கேமரா, அதே கோப்புதான் உள் அறையிலும். மச்சான் மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டு காலாட்டிக்கொண்டு போனில் விளையாடுவான்.

அக்கா சும்மா இருக்கவில்லை. இடப்பக்கத் துளையிலிருந்து எடுத்து வலப்பக்கத் துளையில் செருகிப் பார்த்தார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். வைரஸ் தேடினார். டிரைவில் பழையதையெல்லாம் அழித்துப் பாதி காலியாக்கினார். கேமராவின் கார்டைச் செருகினால் அதே லேப்டாப் சட்டென்று படித்தது, ஆக லேப்டாப்பில் குறையில்லை. கடைசியில் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனார். கேபிளைக் கொண்டுபோகவில்லை. கூடையில் இருப்பது கடைக்குப் பொது, வெளியே போகக்கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அக்கா சட்டத்தை மதிக்கிறவர்.

சர்வீஸ்காரர் தன்னிடமிருந்த கேபிளில் மாட்டிப் பார்த்தார். "இதுல ஒரு குறையும் இல்லம்மா, சும்மா பறக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா அதை அப்படியே வந்து முதலாளியிடம் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர் வாயைத் திறந்தால் இதுதான் கதி.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "டிரைவும் நல்லா இருக்கு, லேப்டாப்பும் நல்லா இருக்கு. அப்போ கோளாறு யார்கிட்ட?"

உள் அறையில் மச்சான் சிரித்தது வெளியே கேட்டது. அன்றுதான் ஆமை என்ற பெயர் விழுந்தது. நானும்தான் கூப்பிட்டேன், கடையில் எல்லோரும் கூப்பிட்டோம். வீட்டில் அவர் கணவர்கூட, "வயசாகுதுல்ல, முன்ன மாதிரி ஓடுமா?" என்று கேட்டாராம். அக்கா கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார். மேசையில் உட்கார்ந்ததும் விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பார். தன்னைத்தானே பழுது பார்க்க ஆரம்பித்துவிட்டார் அந்த மனுஷி.

இரண்டாவது கடை திறந்தபோது, அறைக் கதவில் மச்சான் பெயர் எழுதியிருந்தது. அதோடு விட்டார்களா? மச்சானின் சாமான்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலையையும் அக்கா தலையிலேயே கட்டினார் முதலாளி. "நீதான் நிதானமா செய்வ" என்றார்.

நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். உள் அறையில் அவன் லேப்டாப்பிலிருந்து டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. கூடைச் சட்டம் எங்களுக்குத்தானே, அவனுக்கு ஏது? அக்கா கேபிளை உருவினார். குட்டையான, தடித்த கேபிள். அதன் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி. பாதி தேய்ந்திருந்தது.

 அக்கா வெளியே வந்து தன் டிரைவில் அதை மாட்டி, ஒரு கல்யாணத்தை ஏற்றப் போட்டார். நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் பச்சைக் கோடு பாதி தூரம் போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போய் கண்ணு வேற டெஸ்ட் பண்ணிக்கிட்டேனேடி" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மச்சான் உள்ளே வந்ததும் நானே கேட்டுவிட்டேன். அவன் விழித்தான். "என்னோடது எங்கயோ தொலைஞ்சு போச்சு. கூடையில கெடந்துச்சு, எடுத்தேன். ரெண்டும் ஒண்ணுதானேக்கா?" என்றான். நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. திருடன் என்று திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று. அக்கா கேபிளைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, அத்தனை நாள் தான் மாட்டியிருந்த வெள்ளை கேபிளை அவன் பெட்டியில் போட்டார். அது அவன் போனோடு வந்தது என்று அவனே ஒப்புக்கொண்டான்.

பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னார். "சார், குறை கேபிள்லதான் இருந்திருக்கு. வெள்ளை கேபிள் சார்ஜ் போடத்தான் லாயக்கு. அதுல படம் வேகமா போகாது."

முதலாளி சிரித்தார். "கடைசியில ஒரு வயர் மேல பழிய போட்டுட்டியே! நல்லா இருக்கு போ."

புதுக் கடை ஆரம்பித்ததுமே அங்கே வேலை தேங்கிவிட்டது. மச்சானின் திரையில் பச்சைக் கோடு நகரவில்லை. புதுக் கட்டிடம், கரண்ட் சீராக வரவில்லை என்றார் முதலாளி. எலக்ட்ரீஷியன் வந்தார். அறை சூடாக இருக்கிறது என்று இன்னொரு ஏசி மாட்டினார்கள். அதற்கும் நகரவில்லை. தேங்கிய கல்யாணங்களெல்லாம் பை பையாக அக்காவின் மேசைக்கு வந்தன. அக்கா சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்து அனுப்பினார். வேலை அக்காவுடையது, அவை போய்ச் சேர்ந்த அறையின் கதவில் பெயர் அவனுடையது.

"பாத்தியா, திட்டினாத்தான் உனக்கு வேகம் வருது" என்று ஒருநாள் முதலாளி அக்காவைப் பாராட்டினார். அதுதான் அவருக்குத் தெரிந்த பாராட்டு.

போன வாரம் மச்சானுக்குப் புது லேப்டாப் வந்தது. பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு முதலாளி பெருமூச்சு விட்டார். "மிஷின் சரியில்லாம அந்தப் பையன் எவ்வளவு கஷ்டப்படுறான், பாவம்" என்றார். பாவம்! அக்கா கண்ணாடி மாற்றியபோது இந்த வாயில் அந்தச் சொல் வரவில்லை.

அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "சார், லேப்டாப்ப மாத்த வேணாம். அந்த வெள்ளை கேபிள மட்டும் மாத்திப் பாருங்க."

"ஆமை, நீ உன் வேலைய பாரு" என்றார் முதலாளி.

அக்கா பார்த்தார். அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்ததும் மச்சானின் வேலைதான்.