சித்தப்பாவின் போன் நம்பர்

சித்தப்பா போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "வீடா, கடையா?" என்பார். எந்த நாட்டிலிருந்து கூப்பிட்டாலும் அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது.

அவர் வீட்டுத் தரகர். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பதால் தெருவில் 'சலங்கை' என்று பெயர். சின்ன வயதில் காலி வீடுகளைக் காட்டப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். புது பெயிண்ட் வாடை அடிக்கும் அறையில் நின்று கத்திப் பார்ப்பேன், எதிரொலிக்கும். "கத்தாதடி, பேய் வீடுன்னு வாடகையக் குறைச்சுடுவான்" என்பார். எங்கேயும் ஒட்டாமல் நான் திரிந்ததற்கு அந்தக் காலி அறைகள்தான் காரணமோ என்னவோ.

இந்த முறை நான் திரும்பி வந்தபோது, வீட்டு முன்னறையில் இருக்கும் அவர் கடையின் வாசலில் பழைய பலகை இல்லை. அது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. ஒரு பெரிய தரகு நிறுவனத்தின் பிராஞ்சைஸ் எடுக்கப்போகிறாராம். பெயரும் பலகையும் அவர்களுடையவை. முதலும் அலைச்சலும் இவருடையவை.

"இனிமே நானும் கம்பெனிக்காரன்" என்று மீசையைத் தடவினார். ஒப்பந்த நகல் மேஜையில் கிடந்தது.

"வக்கீல்கிட்ட காட்டினீங்களா சித்தப்பா?"

"அவ்வளவு பெரிய கம்பெனி, என்னையா ஏமாத்தப் போறான்?"

துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தாள். "இவ வெளிநாட்டுல வீடு எடுக்கும்போதெல்லாம் போன்ல என்ன ஓதினீங்க? உள்ள போற வழிய எவனும் காட்டுவான், வெளிய வர்ற வழிய மொதல்ல படின்னுதானே? அதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசமா?"

"சரி, படிச்சுத் தொலைடி" என்றார் என்னிடம்.

கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்கினேன். ஒப்பந்தம் முடிந்தால் மூன்று வருடம் இந்த வட்டாரத்தில் தரகுத் தொழில் செய்யக்கூடாது.

"நான் ஏன் வெளிய வரப்போறேன்?"

"நீங்க வர வேண்டாம். நோட்டீஸ் குடுத்து ஒரே மாசத்துல அவங்களே அனுப்பலாம்னு இருக்கு. அப்புறம், கடை நம்பரும் அவங்களுக்குப் போயிடும்."

"எந்த நம்பர்?"

"இதுதான்."

சித்தப்பா மேஜை மேலிருந்த போனைப் பார்த்தார். அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் நிறுவனத்தின் ஆள் புதுப் பலகையோடு வந்தார். சித்தப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, நோட்டீஸ், மூணு வருஷம், அதையெல்லாம் பேசிக்கலாம். இந்த நம்பர மட்டும் எனக்கே விட்டுடுங்களேன்."

"எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம்தான் சார். ஒரு எழுத்து மாத்த முடியாது."

"அப்ப என்னைக் கூப்பிட்டா வேற யாரோ எடுப்பாங்க?"

"ஆமா சார்."

பேனாவை மூடினார். "வெயில்ல வந்திருக்கீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க."

அன்று சாயங்காலமே ஸ்டூல் மேல் ஏறிப் பழைய பலகையை மாட்டினார்.

"இடது பக்கம் தாழ்ந்திருக்கு" என்றாள் சித்தி.

"அது எப்பவும் அப்படித்தான்."

உள்ளே போன் அடித்தது. "எடுடி" என்றார். ஹலோ சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது, "வீடா, கடையா?"

எதிர்முனையில் ஒரு குரல் தயங்கிக் கேட்டது: "சலங்கை அண்ணன் இல்லையா?"