சிரித்தது யார்?

எனக்குப் பிடித்தது நகைச்சுவைப் படங்கள்தான். திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் தோட்டத் தொழிலாளர்களின் கஷ்டத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தோழிதான் இழுத்துப் போனாள்.

படத்தில், போனக்காடு தேயிலைத் தோட்டத்துச் செல்வி தன் ஒழுகும் வீட்டைக் காட்டி, "மழைக்கு இங்க ரொம்ப உரிமை. கதவத் தட்டாம நேரா அடுக்களைக்கே வந்துரும்" என்றார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அரங்கமே திரும்பி முறைத்தது.

"மிண்டாம இருடீ!" என்று தோழி என் வாயைப் பொத்தினாள். கூனிக்குறுகிப் போனேன்.

படம் முடிந்ததும் செல்வியே மேடையேறி, "சிரிச்சது யாரு?" என்று கேட்டார். எழுந்தேன்.

"அக்கா, நான் தமாசுதான் சொன்னேன். இவங்கள்லாம் இழவு வீட்டுக்கு வந்த மாதிரில்லா இருந்தாங்க! நீங்கதான் நான் சொன்னதக் கேட்டீங்க."

அரங்கம் வெடித்துச் சிரித்தது; கைதட்டல் ஓய வெகுநேரமானது. தலைநிமிர்ந்து நின்றேன். கஷ்டப்படுகிறவரின் வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிப்பதும் மரியாதைதான் என்று அன்று புரிந்தது.