பூஜையில் உட்கார்ந்த பெட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை அன்று, செம்பூரில் ஒரு தமிழ் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனையில் நடந்தது இது. அங்கே கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்பவள் நான். நோயாளிகளின் விவரங்களைக் கண்டவர்களும் திறந்து பார்க்கிறார்கள் என்று புகார் வந்ததால், அந்த வாரம்தான் லாகின் சர்வர் ஒன்றை நானே நிறுவியிருந்தேன். டிபன் டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. யார் பாஸ்வேர்டு போட்டாலும், அந்தப் பெட்டி சரியென்று சொன்னால்தான் விவரம் திறக்கும். வேறு குறுக்குவழி எதுவும் நான் விட்டுவைக்கவில்லை. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தோம். தாராவியிலிருந்து ஒரு தோல் பட்டறைக்காரரை டாக்ஸியில் தூக்கி வந்தார்கள். கடும் காய்ச்சல், நினைவே இல்லை. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றியதும் அவர் மனைவி குறுக்கே வந்து நின்றார்.

"போன தடவ இங்கன ஒரு ஊசி போட்டு இவுகளுக்கு மூச்சே நின்னுபோச்சு டாக்டர். அது பேரு எனக்குத் தெரியல. கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கோம்னு சொன்னாங்களே!"

டாக்டர் பாஸ்வேர்டு அடித்தார். திறக்கவில்லை. நர்ஸ் அடித்தார், நான் அடித்தேன். ஊஹூம். சர்வர் வைத்திருந்த அலமாரிக்கு ஓடினால் பெட்டியைக் காணோம், ஒயர் மட்டும் தொங்குகிறது. திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறுப்பு டப்பாவையா தேடறே? பூஜைல வெச்சிருக்கேன்டி," என்றார் ரிசப்ஷனில் இருக்கும் மாட்டுங்கா மாமி. "மத்ததெல்லாம் வேலை பண்ணிண்டிருக்கு. இது ஒண்ணுதானே சும்மா இருந்தது!"

சந்தனமும் குங்குமமும் அப்பி, சாமந்திப் பூவோடு சரஸ்வதி படத்தின் முன்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது என் சர்வர். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஒரு கணம் கை தயங்கியது. விஷயம் புரிந்து வெளிறிப்போன மாமியே பூவை இழுத்துப் போட்டார். "அம்பாள்ட்ட நான் சொல்லிக்கறேன். நீ எடு, ஓடு!"

ஒயரைச் சொருகினேன். பெட்டியின் சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை நான் வேண்டாத தெய்வம் இல்லை. பின்னால் பட்டறைக்காரர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் திறந்தது. ஒவ்வாத மருந்தின் பெயரைப் படித்த டாக்டர், கையிலிருந்த ஊசியைக் குப்பையில் போட்டார். வேறு மருந்து கொடுத்தார். பட்டறைக்காரர் பிழைத்துக்கொண்டார்.

இப்போது அவசரத்துக்கு டாக்டர் மட்டும் திறக்கத் தனி வழி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமி பொட்டு வைக்கிறார். ஆனாலும் இன்றைக்கும் எங்கே பாஸ்வேர்டு அடித்துவிட்டுக் காத்திருந்தாலும், அந்த அம்மாவின் கண்கள் என் முகத்தை விட்டு நகரவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.