மூன்று முறை கட் செய்தேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் என் போனுக்கு மூன்று அழைப்புகள் வந்திருந்தன. நாலு பன்னிரண்டுக்கு ஒன்று, அடுத்த நிமிடமே இன்னொன்று, நாலு பதினாறுக்கு மூன்றாவது. மூன்றும் சேச்சியிடமிருந்து. மூன்றையும் எடுக்காமல் கட் செய்தவள் நான். எப்போது செய்தேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன், என் விரல் மட்டும் எழுந்து வேலையை முடித்துவிட்டு மறுபடி படுத்திருக்கிறது. ஒருத்தியின் கை அவளுக்கே தெரியாமல் இப்படி ஒரு காரியத்தைச் செய்யும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சேச்சி என்று மலையாளத்தில் அக்காவாகக் கூப்பிட்டாலும் எனக்கு உறவில்லை. திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் மூத்த டெக்னீஷியன். என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபிறகு பாறசாலையை அடுத்த கொல்லயில் ஊரில் தன் வீட்டில் தனியாகவே இருந்தார். லேபில் மற்றவர்களிடம் மலையாளம் பேசுகிறவர், என்னைக் கண்டால் மட்டும் அதை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் பாறசாலைப் பக்கத்துத் தமிழுக்கு வந்துவிடுவார். அவருடைய வலக்கைக்கு லேபில் தனி மரியாதை உண்டு. நரம்பு கிடைக்காமல் நாங்கள் இரண்டு தடவை குத்திவிட்டு முழிக்கும்போது, அவர் வந்து தடவிப் பார்த்து ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார். சேச்சி வரட்டும் என்று சொல்லி, கையை மடக்கிக்கொண்டு காத்திருக்கும் நோயாளிகள் இருந்தார்கள்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பாறசாலையிலிருந்து முதல் வண்டியைப் பிடிக்க வேண்டும். அதற்கு நான் நாலரைக்கு எழ வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கூத்து என்று தெரியும். நான் தூங்கினால் தூங்கியதுதான். கோயில் மைக்கும் சர்ச் மணியும் இரண்டு பக்கமும் இருந்து எழுப்பியும் புரண்டு படுத்தவள். நான் செய்து பார்க்காத உபாயம் இல்லை. அலாரத்தை எவர்சில்வர் தட்டில் வைத்து அடுக்களையில் வைத்தேன். நாலு நாள் வேலை செய்தது, ஐந்தாம் நாள் சத்தம் பொறுக்காமல் என் வீட்டுக்காரர் போய் அதை நிறுத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். படுக்கும் முன் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். இரண்டு மணிக்கு எழுந்து போய்விட்டு வந்து முன்னைவிட நிம்மதியாகத் தூங்கினேன். தலையணை இல்லாமல் படுத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது, தூக்கம் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் மூன்று முறை வண்டியை விட்டுவிட்டு, வேலை போகும் நிலைக்கு வந்தேன்.

அப்போது சேச்சிதான் ஒரு ஏற்பாடு செய்தார். அவருக்கு நாலு மணிக்குத் தானாக விழிப்பு வரும். நாலரைக்கு என் போனுக்கு அடிப்பார். நான் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது, கட் செய்ய வேண்டும். கட் செய்தால் எழுந்துவிட்டேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு வருகிறேன் என்று அர்த்தம். அங்கிருந்து இருவரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போவோம். போனில் பேசக் காசு போன காலத்தில் எல்லோரும் செய்த வேலைதான் இது. பேச்சுக்குக் காசு இல்லாமல் போன பிறகும் நாங்கள் மட்டும் அதை விடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “கால் ரெண்டும் தரையில படாம கட் பண்ணப்பிடாது, கேட்டியா? அது சத்தியமாக்கும்.”

ஒரு வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பிறகு மெல்ல மெல்லப் பித்தலாட்டம் தொடங்கியது. படுத்துக்கொண்டே கட்டிலிலிருந்து கால்களைத் தொங்கவிட்டு, விரல் நுனி தரையைத் தொட்டதும் கட் செய்வேன். பிறகு ஒரு காலே போதும் என்று ஆனது. பிறகு காலும் வேண்டாம் என்று ஆனது. கண்ணை மூடிக்கொண்டே கட் செய்து, இன்னும் ஆறு நிமிடம் தூங்குவேன். அந்த ஆறு நிமிடத்தின் ருசி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. வண்டியை ஒருநாளும் விடவில்லை, சேச்சியை ஒருநாளும் காக்க வைக்கவில்லை, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். ரயிலில் அவர் மற்றப் பெண்களிடம் என்னைக் காட்டி, ஒரே அடியில் எழும்பிவிடும் பிள்ளை என்று பெருமையாகச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்படி ஒன்பது வருடம் போனது.

அந்த ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. எட்டு மணிக்கு எழுந்து, ஆசை தீரத் தூங்கிய சந்தோஷத்தோடு போனைப் பார்த்தேன். மூன்று அழைப்பு. கிழமை மறந்து அடித்திருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சேச்சிக்கு வயதாகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். உடனே திரும்பக் கூப்பிடத் தோன்றவில்லை. புட்டு அவித்தேன், பயறு தாளித்தேன், சாப்பிட்டோம். நாளைக்கு ரயிலில் வைத்துக் கிண்டல் செய்ய நல்ல விஷயம் கிடைத்தது, இன்றே கொஞ்சம் தொடங்கி வைப்போம் என்று ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட்டேன். எடுத்தது பால் கொண்டுவரும் பெண். “இங்க சேச்சி விழுந்து கெடக்குது. பேச்சு வரல்ல. ஆம்புலன்ஸ் இப்ப வரும், நீ வேகம் வா” என்றாள். கையில் இருந்த தட்டு கீழே விழுந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலு பேராக அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், அடையாளமும் தெரிந்தது. அந்த வலக்கை மட்டும் தூக்குகிறவர்களின் பிடியிலிருந்து நழுவித் தொங்கியது. ரத்தத்தோடு பழகுகிற வேலை என்னுடையது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு வந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே அதுதான்: எப்போது தொடங்கியது? பால்காரப் பெண், தான் எட்டரைக்குப் பார்த்ததாகச் சொன்னாள். மற்றவர்கள் விழித்தார்கள். எனக்குத் தெரியும். நான் போனை எடுத்துப் பார்த்து நாலு பன்னிரண்டு என்றேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனார். அந்த நேரம் உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவராவது கேட்பார்கள் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை.

உயிர் தப்பியது. கால் ஓரளவு வந்தது. வலக்கை வரவில்லை. இப்போது அவர் காட்டாக்கடையில் தம்பி வீட்டில் இருக்கிறார். நான் ஞாயிறுதோறும் போகிறேன். லேபில் நரம்பு கிடைக்காத நோயாளிகள் இன்னும் அவரைக் கேட்கிறார்கள். லீவில் இருக்கிறார் என்கிறோம். விடியலில் எழுவதற்கு எனக்கு இப்போது எந்த உபாயமும் வேண்டியதில்லை. நாலு மணிக்கு முன்பே, யாரோ தோளைப் பிடித்து உலுக்கியதுபோல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். போன் தலைமாட்டில் பேசாமல் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருக்குப் பேச்சு திரும்ப ஏழெட்டு மாதம் ஆனது. அத்தனை மாதமும் நான் ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போய், ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஏன் போனை எடுக்கவில்லை என்று திட்டுவார் என்று தயாராக இருந்தேன். போகட்டும் விடு என்று மன்னித்துவிடுவார், அதைத்தான் தாங்க முடியாது என்றும் நினைத்திருந்தேன். போன ஞாயிறு, தம்பி மனைவி வெளியே போயிருந்த நேரம், அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். சொற்கள் ஒவ்வொன்றாக, நின்று நின்று வந்தன.

“மொதல் தடவ நீ கட் பண்ணினப்பவே எனக்குச் சமாதானம் ஆச்சு மக்கா. எழும்பிட்டா, ஞாயிறு போன்ல விளிச்சா என்னமோ உண்டுண்ணு அவளுக்குத் தெரியும், வந்திருவாண்ணு நெனச்சேன். மூணாவதும் கட் ஆச்சு. செரி, அவ வண்டி எடுக்குறா, இனி தம்பிய ஒண்ணும் விளிக்க வேண்டாம், அவன் தூரத்துல கெடக்கான்ணு போனக் கீழ வச்சேன். உனக்குக் கதவு தொறக்கணுமே. அதுக்குத்தான் நகந்து நகந்து வாசலுக்குப் போயி தாழ்ப்பாள எடுத்தேன். வண்டிச் சத்தத்துக்குக் காது குடுத்துட்டே கெடந்தேன்.”

நான் அவருடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பிடித்திருப்பது அந்தக் கைக்குத் தெரியாது. அவர் முகத்தில் கோபம் இல்லை, குறை இல்லை. என்னை உற்றுப் பார்த்தார். இத்தனை மாதமும் கேட்க நினைத்து, பேச்சு வராமல் வைத்திருந்த கேள்வி போல இருந்தது. குரலில் இருந்தது கவலை, அதுவும் என்னைப் பற்றியது.

“யாருகிட்டயும் கேக்கப் பயமா இருந்துது மக்கா. அண்ணைக்கு வாற வழியில உனக்கு என்ன ஆச்சு?”

“நான் எழும்பவே இல்ல சேச்சி” என்றேன்.