தாட்சாயிணி போட்ட செய்தி

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும் அந்தச் சிற்றூரில் தண்ணீர் எப்போது வரும், ரேஷனில் அரிசி வந்துவிட்டதா, யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் தாட்சாயிணியின் வாட்ஸ்அப் குழுவில்தான் தெரியும். தையல் வேலைக்கு நடுவே எட்டு வருஷமாக அதை நடத்தி வந்தாள். விசாரிக்காமல் ஒரு வரி போட்டதில்லை.

வார்டு உறுப்பினர் பூபாலன் சொன்னதை மட்டும் விசாரிக்கவில்லை. கூடப் படித்தவன், தேர்தலில் அவனுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அவள். "குடிநீர்க் குழாய்க்குக் கையெழுத்து வேணும், எல்லாரையும் கிராம சபைக்கு வரச் சொல்லு தாட்சா" என்றான். போட்டாள். இருநூறு பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் மாதம் ஏரிக்கரையில் குப்பை லாரிகள் வந்து நின்றன. அந்தக் கிராம சபைத் தீர்மானத்தின் நகலை வாங்கிப் பார்த்தாள். குப்பைக் கிடங்குக்கு ஊர் சம்மதம் என்று எழுதி, அந்த இருநூறு கையெழுத்துகளையும் பின்னால் கோத்திருந்தார்கள்.

"இன்னாடா பண்ணி வச்சிகீறே?" என்று அவன் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"நான் கூப்ட்டா எவன் வருவான்? நீ கூப்ட்டா ஊரே வரும். அதான் உன்னாண்ட சொன்னேன்" என்றான், கண்ணைக்கூடத் தாழ்த்தாமல்.

நடந்ததை அப்படியே குழுவில் எழுதினாள். கலெக்டரிடம் மனு கொடுக்கக் காலையில் எல்லோரையும் வரச் சொன்னாள். வந்தது பக்கத்துத் தெரு ரேணுகா மட்டும்தான். அவளும் மனுவை இரண்டு தடவை படித்தாள்.

"இதுல வேற ஒண்ணும் இல்லியே தாட்சா?"

பூபாலன் எதிரில் வராத அழுகை அப்போது வந்தது. ரேணுகா கையெழுத்துப் போட்டாள். இரண்டு பேருமாகத் திருவள்ளூருக்கு ரயிலேறினார்கள்.