கண் திறக்காத ஸ்மோக்கர்

“அக்கா, மெஷினு கண்ணையே தொறக்க மாட்டேங்குது. இன்னிக்கின்னு பாத்து!”

போனில் ஸ்டெல்லா. காவலூர் போகிற ரோட்டில் வீட்டோடு சேர்த்துச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். சனிக்கிழமை காலை. திருப்பத்தூரில் என் ரிப்பேர் கடையின் ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத்தான் தூக்கியிருந்தேன். குனிந்த வாக்கிலேயே கேட்டேன்.

“எந்த மெஷினு?”

“ஸ்மோக்கருக்கா. கறிக்குப் புகை போடற பொட்டி. சுவிட்ச தட்டுறேன், ஒரு லைட்டு இல்ல, ஒரு சத்தம் இல்ல. மத்தியானம் அந்தோணிக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வர்றாங்க. கோழியெல்லாம் மசாலாவுல ஊறிக்கினு கெடக்குது. நீ வர்றியா, நா அழட்டுமா?”

“அழுதுக்கினே இரு, வர்றேன்” என்று ஷட்டரை இறக்கினேன்.

மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று இந்தத் தொழிலில் எனக்குப் பாதி ஆயுசு போயிருக்கிறது. ஆனால் எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் என்று நான் கைவைத்தது இந்த ஒன்றில்தான். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பார்க்க ஒரு சின்ன பீரோ மாதிரி இருக்கும். உள்ளே கம்பித் தட்டுகள். அடியில் ஒரு ஹீட்டர் எலிமென்ட், அதன் பக்கத்தில் மரச்சீவல் போடுகிற டிரே. எலிமென்ட் சூடானால் சீவல் எரியாமல் கனன்று புகையும். அந்தப் புகையிலேயே கோழி மணிக்கணக்கில் நிதானமாக வேகும். ஸ்டெல்லா கொய்யாக்கட்டைச் சீவல் போடுவாள். தலையில் ஒரு கன்ட்ரோலர் உண்டு. பட்டனும் டிஸ்பிளேயும் உள்ள சோப்புப் பெட்டி அளவுச் சமாச்சாரம். கழுவ வசதியாக அதைத் தனியே இழுத்து எடுத்துவிடலாம். இவ்வளவுதான். எளிமையான மெஷின். எளிமையான மெஷின்கள்தான் ஆளைப் பைத்தியம் பிடிக்க வைக்கும்.

ஆலங்காயம் தாண்டி வண்டி ஏற ஏற, மழை கழுவிவிட்ட மலை பளபளவென்று எதிரே வந்துகொண்டே இருந்தது. ஒரு வளைவில் மேகம், அடுத்த வளைவில் வெயில், அதற்கடுத்ததில் ரோட்டை மறித்துக்கொண்டு நான்கு எருமைகள். ஹாரன் அடித்தேன். ஒரு எருமை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மல்டிமீட்டர் பைக்குள் குதித்தது, ஸ்க்ரூடிரைவர்கள் ஜல் ஜல் என்றன. அவசர வேலைக்குப் போகும்போது எனக்கு ஏனோ பயம் வருவதில்லை. திருவிழாவுக்குப் போகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. இந்த வயதிலும்.

கடை வாசலில் ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணி நின்றிருந்தான். முகத்தில் ஐந்து நாள் தாடி, கையில் சேவிங் செட்.

“அக்கா, காப்பாத்துக்கா. மெர்சியோட அப்பா ஹாலோ பிளாக் கம்பெனி வச்சிருக்காரு. ‘மலை மேல ஓட்டலுன்னா கொட்டாயில டீ ஆத்துறதா’ன்னு கேட்டுட்டாரு. நா விட்டேன் பாரு: ‘கரண்டுல புகை போடற மெஷினு கீதுங்க, ஜில்லாவுலயே எங்ககிட்டதான்’னு. அத பாக்கத்தான் மொதல்ல வர்றேன்னுட்டாரு.”

“மெர்சி இன்னா சொல்லுது?”

“அது ஓகேதான். அது இங்க கோழி தின்னுதான் என்னையே பாத்துச்சி.”

ஆக, ஒரு கல்யாணம் ஒரு பவர் லைட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

1. பிளக்கிலிருந்து

முதல் பாடம்: ஓடாத மெஷினைத் திறக்காதே. சுவரைப் பார். சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். மலைக்கு வருகிற கரண்டு கொஞ்சம் நோஞ்சான்தான், ஆனால் மெஷின் விழிக்காமல் போகிற அளவுக்கு இல்லை. அதே சாக்கெட்டில் மிக்சியைப் போட்டேன். கத்தியது. பிளக்கைப் பிரித்தேன், ஸ்க்ரூ எல்லாம் இறுக்கம். வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்த்தேன். பீப் என்றது.

“கடைசியா எப்ப ஓடுச்சி?”

“மழைக்கு முன்னாடி ஜம்முனு ஓடுச்சிக்கா” என்றாள் ஸ்டெல்லா. “அப்பறம் ஒரு வாரம் ஆளே வரல. கழுவித் தொடச்சி வச்சிட்டோம்.”

“கழுவுனீங்களா? தண்ணி?”

“தலைய கழட்டி உள்ள வச்சிட்டுத்தான் கழுவுனோம். நீ சொன்ன மாதிரியே.”

அடுப்படியிலிருந்து முனியம்மா வந்தாள். சமையல் அவள் பொறுப்பு. ஸ்டெல்லா முதலாளி என்பதெல்லாம் போர்டில் மட்டும்தான்.

“தண்ணின்னா அந்தத் தண்ணிதான். இவங்க ஃபாதரு மெஷினு வாங்குன அன்னிக்கு வந்து தீர்த்தம் தெளிச்சாரே. அப்பவே சொன்னேன், கரண்டு சாமானுக்குத் தண்ணி ஆவாதுன்னு.”

“அது வாங்குன அன்னிக்குடி! அதுக்கப்பறம் எவ்ளோ கோழி வெந்துச்சி!”

“உள்ளாரயே ஒளிஞ்சிக்கினு இருந்துருக்கும்.”

“தீர்த்தம் இன்னா திருடனா, ஒளிஞ்சிக்கினு இருக்க?”

நான் சிரித்துக்கொண்டே மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தினேன்.

2. முதுகில்

பிளக்கைப் பிடுங்கி, என் கண்ணில் படும்படி மெஷின் மேலேயே வைத்தேன். இதை மட்டும் மறக்காதீர்கள். பிளக் கண்ணில் படாவிட்டால் யாராவது உதவி செய்கிறேன் என்று கொண்டுபோய்ச் சொருகுவார்கள்.

பேக் பேனலைக் கழற்றினேன். பிசுபிசுவென்று புகைக்கறை. எலிமென்டுக்குப் போகிற ஒரு கனெக்டர் சூட்டில் லேசாகப் பழுத்திருந்தது. ‘ஆகா, நீதானா!’ என்று துள்ளினேன். வெட்டி, புதுசு போட்டு, கிரிம்ப் பண்ணி, பிளக்கைச் சொருகி, சுவிட்ச்.

இருட்டு.

என் துள்ளலைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். எலிமென்ட் போனால் மெஷின் சூடாகாது. டிஸ்பிளேயாவது எரிய வேண்டுமே? டிஸ்பிளேயே இல்லையென்றால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்த விஷயம்தான், ஆனால் பழுத்த கனெக்டரைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன். சூடு மீறினால் கரண்டை நிறுத்துகிற தெர்மல் கட்-அவுட் சரி. ஃபியூஸ் சரி. கரண்டு பத்திரமாக முதுகேறி, கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. தலைக்குத்தான் போகவில்லை.

மிச்சம் கன்ட்ரோலர். அதைக் கடைசிக்குத் தள்ளியதற்கு ஒரே காரணம்தான்: அது போயிருந்தால் என் கையில் ஒன்றும் இல்லை. சென்னைக்குச் சொல்லி வரவழைக்க வேண்டும். அதற்குள் கோழி, கல்யாணம் இரண்டும் புளித்துவிடும்.

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாக்கா?”

“இரு, பாக்கறேன்.”

“நீ ‘இரு’ன்னு சொன்னாலே எனக்குப் பயமா கீது.”

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. மத்தியானம் வர வேண்டியவர்கள். மலை ரோட்டுக்குப் பயந்து விடியலிலேயே கிளம்பியிருக்கிறார்கள். அந்தோணி பாதி முகம் நுரை, பாதி முகம் தாடியோடு கண்ணாடியிலிருந்து திரும்பினான். மாப்பிள்ளையின் முதல் தரிசனம் அப்படித்தான் அமைந்தது.

மெர்சியின் அப்பா வெள்ளை வேட்டியில், கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல், நேராகப் பின்கட்டுக்கு வந்தார். அங்கே ஜில்லாவிலேயே ஒரே மெஷின், முதுகு திறந்து, வயர் தொங்க நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் நான், மூக்கெல்லாம் கரியோடு.

“இதானா அது?” என்றார்.

அந்தோணி நுரை சொட்டச் சொட்டத் தலையாட்டினான்.

3. வாசனை

கை சும்மா இருக்கக் கூடாது என்று கன்ட்ரோலரின் கிளிப்பை அழுத்தி இழுத்தேன். தலை கையோடு வந்தது. கூடவே ஒரு வாசனை.

கொய்யாப்புகை, எண்ணெய்ப் பிசுக்கு, கரி என்று ஊறிப்போன மெஷின் அது. அதற்கு நடுவிலிருந்து, கல்யாண மண்டப வாசலில் கிண்ணத்தோடு நிற்பவர்களைத் தாண்டும்போது வருமே, அந்த வாசனை. குளுகுளுவென்று. சந்தனம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்ட்ரோலர் உட்காருகிற பள்ளத்தில் வரிசையாகத் தங்க நிறப் பின்கள். அவற்றில் பெரிய பின்கள் இரண்டு. மெயின் கரண்டு அந்த இரண்டின் வழியாகத்தான் தலைக்குப் போகும். அந்த இரண்டின் மேலும் அழகாக, அளவாக, காய்ந்து கெட்டியாகிப்போன சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். கிரைண்டரில் பொட்டு. ஃபிரிட்ஜில் பொட்டு. தராசில், கத்தியில், கேஸ் அடுப்பில்கூட. என் தலைக்கு மேலேயே காய்ந்த சாமந்தி மாலை. கழுவித் துடைத்து வைத்ததே ஆயுத பூஜைக்குத்தான்! காலையிலிருந்து இத்தனை பொட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினால் விக்கலாக வந்தது.

“இன்னாம்மா ஆச்சி?” என்றார் மெர்சியின் அப்பா.

“சந்தனம்ங்க. கரண்டு போற பின்னுலயே யாரோ பொட்டு வச்சிட்டாங்க. காஞ்ச சந்தனத்துல கரண்டு போவாதுங்க.”

“யாரு வச்சது?”

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் கேட்டவர் சம்பந்தி. முதல் நாள் வீடு பார்க்க வந்த இடத்தில், தப்பு யாருடையது என்று கேட்கிறார்.

“நாந்தாங்க” என்றாள் ஸ்டெல்லா.

“அவ ஏன் வைக்கறா?” முனியம்மா கரண்டியோடு குறுக்கே வந்தாள். “அவ சிலுவ போடறவ, அவளுக்குச் சந்தனம் கொழைக்கவே தெரியாது. நாந்தாங்க வச்சேன். தலைய கழட்டி வச்சிருந்தாங்க, ரெண்டும் பாக்கறதுக்குக் கண்ணு கணக்கா மினுமினுன்னு இருந்துச்சி. எல்லாத்துக்கும் வச்சிட்டு இத உட்டா மனசு கேக்குமா?”

“பூஜைய வையின்னு சொன்னது நாந்தான?” என்றாள் ஸ்டெல்லா.

“அக்கா ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்று நுரை முகம் குறுக்கிட்டது. “பாக்காம கொள்ளாம தலைய மாட்டி அமுக்குனது நானு. எம்மேலதான் தப்பு.”

“நீ நடுவுல வராத. மூஞ்சக் கழுவு போ” என்று விரட்டினாள் ஸ்டெல்லா.

மூன்று பேரும் தப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மெர்சியின் அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

“டார்ச்ச இங்க குடும்மா. நீ ரெண்டு கையாலயும் பாரு.”

பழைய டூத்பிரஷால் சுரண்டினேன். மேலே இருந்தது உதிர்ந்தது, இடுக்கில் இருந்தது வரவில்லை. பையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை எடுத்து அழுத்தினால் வெறும் காற்று.

“ஸ்பிரிட்டு மாதிரி எதனா கீதா? சட்டுனு காயறதா?”

எல்லார் பார்வையும் அந்தோணி கையிலிருந்த ஆஃப்டர் சேவ் பாட்டில் மேல் போய் நின்றது. அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“இது மெர்சி வாங்கிக் குடுத்ததுக்கா.”

“அப்ப ராசியானதுதான். குடு” என்றார் வருங்கால மாமனார்.

அத்தர் மணக்க மணக்கப் பின்களைத் தேய்த்தேன். பஞ்சு மஞ்சளானது, சிவந்தது, கடைசியில் வெள்ளையாகவே வந்தது. ஸ்டெல்லாவின் ஹேர் டிரையரால் இடுக்கு இடுக்காகக் காய வைத்தேன். இதற்கெல்லாம் சரியான சாமான் கான்டாக்ட் கிளீனர்தான். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், என்னைப் போல வராதீர்கள். பேனலை மூடினேன். தலையை மாட்டினேன். கிளிக். பிளக்.

“நீயே போடு” என்றேன் முனியம்மாவிடம்.

அவள் புடவையில் கையைத் துடைத்து, விரலைக் கண்ணில் ஒற்றி, பட்டனை அழுத்தினாள்.

பீப்.

பச்சை எழுத்து எரிந்தது. அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு அவ்வளவு பெரிய கூச்சலை நான் கேட்டதில்லை. ஸ்டெல்லா முனியம்மாவைக் கட்டிக்கொண்டாள், முனியம்மா கரண்டியை விடாமல் என்னைக் கட்டிக்கொண்டாள், அந்தோணி மாமனாரைக் கட்டிக்கொண்டதில் வெள்ளைச் சட்டையில் சோப்பு நுரை. காரில் வந்து முன்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் என்ன விபத்தோ என்று ஓடி வந்தார்கள். மெர்சி மட்டும் மூக்கை உறிஞ்சிவிட்டு, “மெஷினுல ஏன் அந்தோணி வாசனை வருது?” என்றாள்.

அன்றைக்குப் பந்தி தலைகீழாக நடந்தது. கோழி வேக நேரம் வேண்டுமே! முதலில் பாயசம், பிறகு பேச்சு, பிறகு காபி, பிறகு மறுபடி பேச்சு. கொய்யாப்புகை மெல்ல முற்றத்தில் இறங்கி எல்லார் தலைமுடியிலும் ஏறிக்கொண்டது. வெயில் சாய்கிற நேரத்தில் கோழி வந்தது. பேச்சு நின்றது.

எலும்பை வைத்துவிட்டு மெர்சியின் அப்பா சொன்னார்: “எங்க கம்பெனியில மெஷினு நின்னுட்டா, ‘நா இல்ல, அவன்தான்’னு ஆளாளுக்குக் கைய காட்டுவானுங்க. இங்க ‘நாந்தான், நாந்தான்’னு சண்ட போட்டுக்கினு நிக்கிறீங்க. எம்பொண்ணு இந்த வூட்ல பொழச்சிக்குவா. தேதி பாருங்க.”

முனியம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம்தான் பாக்கி. “அப்ப அடுத்த வருசம் பொட்டே வைக்கக் கூடாதா?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். நான் பையிலிருந்து மார்க்கரை எடுத்து, மெஷின் கதவின் நடுவில், எந்த வயரும் போகாத இடத்தில், ஒரு வட்டம் போட்டேன்.

“இங்க வை. எவ்ளோ வேணா வை.”

அன்றிலிருந்து என் வேலைமுறையில் இரண்டு மாறின. ‘எப்போது நின்றது’ என்று கேட்பதற்கு முன்னால், ‘கடைசியாக வீட்டில் என்ன விசேஷம்’ என்று கேட்கிறேன். மெஷினை மட்டும் பார்க்காமல், அது எந்த வீட்டில் நிற்கிறது என்றும் பார்க்கிறேன். கோளாறுகளில் பாதி அலட்சியத்தால் வருகிறது. மீதி பாசத்தால் வருகிறது. பாசத்தைத் திட்டி நிறுத்த முடியாது. அதற்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுக்கலாம். மார்க்கர் இப்போது என் பையில் டெஸ்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கடை நிறைய மிக்சிகளோடு நான் மல்லாடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா நம்பர். குரல் வேறு.

“அக்கா, நா மெர்சி. கதவத் தேய்ச்சிக் கழுவுனேனா, வட்டம் அழிஞ்சிபோச்சி. முனியம்மாக்கா சந்தனக் கிண்ணத்தோட நிக்கிறாங்க. சீக்கிரம் சொல்லு, எங்க வைக்கறது?”